நடுவில் விழும் பந்து

காரில் ஏறியதிலிருந்து போராவுக்கு வாய் ஓயவில்லை.

“அம்மா, சோத்துக்கையால சாப்பிடணும். புரியுதா? நொட்டாங்கைய மேசைக்கு மேலயே கொண்டு வராதே.”

“சரிடி.”

“தட்டுல கடைசித் துண்டு கிடந்தா கிடக்கட்டும். நீ பாட்டுக்கு லபக்குன்னு எடுத்துடாதே. பார்க்காத மாதிரி தண்ணியக் குடி.”

“சரின்னு சொன்னேன்ல!”

“இன்கியூவோட அம்மா, நான் வேலைய விடற பேச்சை எடுத்தா நீ வாயத் திறக்காதே. நான் அப்புறமா இன்கியூகிட்ட பேசிக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் எனக்காக சும்மா இரு. சத்தியம் பண்ணு.”

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மால்சுன், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மகளின் தலையில் வைத்துச் சத்தியம் செய்தாள். வைத்தது இடக்கை. பின்சீட்டில் இருந்த யாங்ஹீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “விளங்கிடும்! சத்தியமே நொட்டாங்கையிலதான் ஆரம்பிக்குது” என்றாள்.

மிரியாங்கிலிருந்து மேற்கே சில மணி நேரத் தொலைவிலிருந்த நாஜூவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால்தான் கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்கள். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் முறிந்துபோன சம்பந்தங்கள் ஊருக்குப் பத்து உண்டு. போரா தீயணைப்பு நிலையத்தில் ஆம்புலன்ஸில் போகிறவள். அந்தச் சீருடைக்காக அவள் பட்ட பாடு அம்மாவுக்குத் தெரியும். மாப்பிள்ளை இன்கியூ பள்ளிக்கூட வாத்தியார், நல்ல பையன். ஆனால் அவன் அம்மா தொக்சிம், கல்யாணம் ஆனதும் பெண் வேலையை விட்டுவிட்டு நாஜூவில் தங்கள் பேரிக்காய்த் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்று போனிலேயே ஜாடைமாடையாகச் சொல்லியிருந்தாள். போராவுக்குப் பையனும் வேண்டும், வேலையும் வேண்டும். இதில் எதை விட்டாலும் பெண் உள்ளுக்குள் உடைந்துபோவாள் என்பதுதான் மால்சுனின் கவலை.

மால்சுனின் கணவர் இறந்து சில குளிர்காலங்கள் ஆகிவிட்டன. பெண்வீட்டார் பக்கம் மேசை காலியாக இருக்கக்கூடாதே என்றுதான் பூசானிலிருந்து யாங்ஹீயை வரவழைத்திருந்தாள். யாங்ஹீ சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து ஷட்டில் ஆடியவர்கள், அதுவும் நாட்டுக்காக ஆடியவர்கள். மேசையில் எதிராளி உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் யார் இருக்கவேண்டும் என்று மால்சுனுக்கு இரண்டாவது யோசனையே வரவில்லை.

இந்த நொட்டாங்கைப் பஞ்சாயத்து இன்று நேற்று வந்ததல்ல. மிரியாங்குக்கு மேலே, இலந்தைத் தோட்டத்து மலைக் கிராமம் ஒன்றில் வரிசையாகப் பிறந்த பெண்களில் கடைசிப் பெண் மால்சுன். ‘இவளோடு பெண் போதும்’ என்ற வேண்டுதலோடு வைத்த பெயர் அது. வேண்டுதல் பலித்தது, அடுத்தது பையன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தத் தட்டிலும் கடைசித் துண்டு யாருக்கு என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. தம்பி தூங்கிக்கொண்டிருந்தாலும் அது அவனுக்காகக் காத்திருக்கும்.

போதாக்குறைக்குப் பெண் நொட்டாங்கைக்காரி. சாப்பாட்டு மேசையில் இவள் முழங்கை பக்கத்தில் இருக்கிற அக்காவின் முழங்கையோடு முட்டும், சூப்பு கொட்டும், அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “போற வீட்டுல என் மானத்த வாங்கறதுக்குன்னே பொறந்திருக்கா!” என்று கத்திக்கொண்டு, வைக்கோல் கயிற்றால் அவளுடைய இடக்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் சோற்றுக் கிண்ணத்தை முன்னால் வைப்பார். மனுஷன் கெட்டவர் இல்லை. கட்டும்போது கூட இறுக்காமல்தான் கட்டுவார்.

பள்ளிக்கூடத்தில் ஷட்டில் ஆடும் பெண்களுக்கு அவித்த முட்டையும் பாலும் கொடுத்தார்கள். மால்சுன் முட்டைக்காகத்தான் போனாள், வேறு எந்த லட்சியமும் கிடையாது. பேட்டைக் கையில் கொடுத்ததும் அது தானாக இடக்கைக்குப் போனது. அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, விளையாட்டு வாத்தியார் கையைத் தட்டினார்.

“நொட்டாங்கையா நீ? அடி சக்கை! இத்தனை நாள் எங்கடி இருந்தே?”

அந்தக் கையைப் பார்த்து ஒரு ஆள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு மால்சுன் முட்டையைச் சாப்பிட மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வாத்தியார் மறுநாளே தோட்டத்துக்கு வந்துவிட்டார். “ஐயா, ரெட்டையர் ஆட்டத்துல ஒருத்தி சோத்துக்கை, ஒருத்தி நொட்டாங்கைன்னா எதிராளி திண்டாடிப் போயிடுவான். இந்தக் கையக் கட்டிப் போடாதீங்க.” அப்பா மகளின் இடக்கையைத் தூக்கிப் பார்த்தார். “வெளிய என்ன வேணா பண்ணட்டும். மேசையில மட்டும் சோத்துக்கை” என்றார். அப்படித்தான் மால்சுன் ஆடுவதற்கு ஒரு கை, அடங்கியிருப்பதற்கு ஒரு கை என்று வளர்ந்தாள்.

பள்ளி முடிந்ததும் ஒரு நூல் மில் அணியில் எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் யாங்ஹீ இருந்தாள். பூசான் துறைமுகத்து மீன்காரியின் மகள், மால்சுனுக்கு இரண்டு வயது மூத்தவள். வாயும் பெரிசு, அடியும் பெரிசு. அவள் பின்னாலிருந்து எம்பி ஒரு ஸ்மாஷ் அடித்தால் தகரக் கூரை அதிரும். முன்னால் வலையடியில் துழாவுவதற்கு மால்சுன். இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டவர் பியோன் என்ற கோச். அவருக்குத் தன் யோசனையில் ஒரே பெருமை.

ஆனால் தோற்றார்கள். போகிற இடமெல்லாம் தோற்றார்கள்.

வலப்பக்கம் அடித்தால் எடுத்தார்கள், இடப்பக்கம் அடித்தால் எடுத்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு பந்து வந்தால் போதும், தீர்ந்தது கதை. அது மெதுவாக, சொகுசாக, இரண்டு பேருக்கும் இடையில் வந்து தரையில் உட்காரும். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

“ஏண்டி விட்டே?” என்பாள் யாங்ஹீ.

“நீங்க எடுப்பீங்கன்னு நெனச்சேன்க்கா.”

“நான் நீ எடுப்பேன்னு நெனச்சேன்.”

“உங்களுக்கு முன்னாடி நான் எப்படிக்கா…”

மில் விடுதியில் இளையவள் மூத்தவளின் காலுறையைத் துவைக்க வேண்டும், மூத்தவள் கரண்டியைத் தூக்கும்வரை சோற்றைத் தொடக்கூடாது, கதவில் முதலில் நுழையக்கூடாது. மால்சுன் இதிலெல்லாம் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கோர்ட்டுக்குள்ளும் கொண்டுபோய்விட்டாள், அதுதான் வம்பு. யாங்ஹீயும் லேசுப்பட்டவள் இல்லை. இளையவளின் பந்தை மூத்தவள் பாய்ந்து பிடுங்கினால் நன்றாக இருக்காதே என்று அவளும் மரியாதை பார்த்தாள். இரண்டு பேரின் மரியாதையும் சேர்ந்து அணியைக் குழிதோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தது.

மில் மேலாளர் கோச்சைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இலையுதிர்கால தேசியப் போட்டியிலும் இந்த ஜோடி தோற்றால் யாங்ஹீயோடு வேறு பெண். அந்த நொட்டாங்கைப் பெண்ணை நூற்கும் பிரிவுக்கு அனுப்பிவிடலாம். மால்சுன் அன்று கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நூற்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இயந்திரங்களில் எல்லாமே சோத்துக்கைக்காரர்களுக்குச் செய்து வைத்தவை.

வழியைக் காட்டியது விடுதிச் சமையற்கார அம்மாள்தான், அதுவும் தெரியாமல். ஒருநாள் கோச்சிடம் வந்து சண்டைக்கு நின்றாள்.

“என்ன சார், என் சமையல்ல என்ன குறை? தினமும் தட்டுல ஒரே ஒரு உருளைக்கிழங்கு அடை மிச்சமா வருது. ஒண்ணு! பிடிக்கலைன்னா மொத்தமா மிச்சம் வைக்கணும். பிடிச்சா வழிச்சுத் துடைக்கணும். இது என்ன ரெண்டுங்கெட்டான்?”

 பியோன் கோச் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். நடுவில் கிடக்கிற அந்தக் கடைசி அடையை யாரும் எடுப்பதில்லை. இளையவள் மூத்தவளுக்கு விடுகிறாள், மூத்தவள் பெருந்தன்மைக்கு விடுகிறாள். கோர்ட்டில் விழுகிற பந்தும் மேசையில் ஆறுகிற அடையும் ஒன்றுதான்.

அன்று மாலையிலிருந்து சட்டம் மாறியது. மால்சுனும் யாங்ஹீயும் முழங்கை உரசும்படி பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். மால்சுன் நொட்டாங்கையாலேயே சாப்பிட வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே தட்டு. கடைசித் துண்டை ஒருத்தி ‘என்னோடது!’ என்று கத்தி எடுக்கும்வரை இரண்டு பேரும் மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

முதல் நாள் இருவரும் விளக்கணைக்கும் நேரம்வரை உட்கார்ந்திருந்தார்கள். மற்றப் பெண்கள் கும்பலாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“எடுத்துத் தொலையேண்டி, தூக்கம் வருது!”

“நீங்க எடுங்கக்கா.”

“நான் எடுத்தா உனக்கு என்ன பாடம்? எடுடி!”

“கை வரமாட்டேங்குதுக்கா.” மால்சுனுக்கு நிஜமாகவே கண்ணில் நீர் முட்டியது. தட்டில் கிடந்தது வெறும் அடை. அவளுக்கோ அப்பாவும் கயிறும் தூங்குகிற தம்பியும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் யாங்ஹீ பொறுமை இழந்து அவள் முழங்கையை இடித்துத் தள்ளினாள். மால்சுன் கண்ணை மூடிக்கொண்டு, சாப்பிடுகிற குச்சியை ஈட்டி மாதிரி குத்தி, “என்னோடது!” என்று அலறினாள். விடுதியே விழுந்து விழுந்து சிரித்தது. அடை ஆறிப்போய் ரப்பராக இருந்தது. அத்தனை ருசியாக அவள் அதற்குமுன் எதையும் தின்றதில்லை.

பழகப் பழகக் கூச்சம் விட்டது. கொஞ்ச நாளில் இருவரும் குச்சியால் வாள்சண்டை போட ஆரம்பித்தார்கள். மீன், முட்டை, முள்ளங்கி எதுவும் மிஞ்சவில்லை. சமையற்கார அம்மாள் தட்டைக் கழுவாமலே அடுக்கலாம் போலிருக்கிறது என்றாள்.

தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே ஒரு வங்கி அணி, நடப்பு வெற்றியாளர்கள். அவர்களுக்கும் விஷயம் தெரியும், நடுவில்தான் அடித்தார்கள். அடித்தவையெல்லாம் திரும்பிப் போயின. “என்னோடது!” என்று ஒரு சத்தம், பின்னாலேயே ஒரு பந்து. கடைசிப் புள்ளியில் எதிராளி வெறியோடு ஒரு ஸ்மாஷை நடுவிலேயே இறக்கினாள். மால்சுனும் கத்தினாள், யாங்ஹீயும் கத்தினாள். இருவரும் பாய்ந்தார்கள். மால்சுனின் பேட் பந்தையும் அடித்தது, யாங்ஹீயின் விரலையும் அடித்தது. பந்து வலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது, யாங்ஹீ இந்தப் பக்கம் விழுந்தாள்.

கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது, மால்சுனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூத்தவளின் மோதிர விரல் பக்கவாட்டில் திரும்பியிருந்ததைப் பார்த்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“ஐயோ அக்கா, மன்னிச்சிடுங்கக்கா…”

“அடிப் பைத்தியமே, எழுந்திரு!” யாங்ஹீ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். “ரெண்டு பேரும் பாஞ்சா விரல்தாண்டி போகும். ரெண்டு பேரும் பாயலைன்னா ஆட்டமே போயிடும். பந்து எங்க விழுந்துச்சு?”

“உள்ளக்கா.”

“அப்புறம் என்ன அழுகை? கோப்பைய நீ தூக்கு, எனக்குக் கை ஒழியல.”

விரல் சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. அடுத்த குளிர்காலத்தில் இருவரும் தேசிய முகாமுக்குப் போனார்கள். ஜகார்த்தாவின் புழுக்கத்தில் ஆடினார்கள், டென்மார்க்கின் குளிரில் ஒரு கோப்பை வாங்கினார்கள், ஆசியப் போட்டி ஒன்றில் மூன்றாமிடம் வந்தார்கள். சீனப் பெண்களிடம் பலதடவை தோற்றார்கள், தோற்கும்போதும் நடுப்பந்தில் தோற்கவில்லை. அதைப் பற்றி மால்சுனுக்கு இன்றும் கர்வம் உண்டு. கர்வப்படட்டுமே, அவள் சம்பாதித்தது!

பத்திரிகைப் படங்களில் யாங்ஹீ ஆகாயத்தில் இருப்பாள். முன்னால் குனிந்து நிற்கும் மால்சுனுக்கு உச்சந்தலை மட்டும்தான் விழும். அப்பா அந்தப் படங்களையெல்லாம் வெட்டிக் கூடத்தில் ஒட்டி வைத்து, வருகிறவர்களிடம், “இந்த உச்சி எங்க வீட்டு உச்சி” என்று காட்டினார். வைக்கோல் கயிறு எங்கே போனதென்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அணிகளுக்கு பேட் நரம்பு கட்டித் தரும் சோங்காப் என்று ஒருவன் இருந்தான். பேசவே மாட்டான். எல்லோருடைய பேட்டுக்கும் கைப்பிடித் துணியை ஒரே திசையில் சுற்றுவான். ஒரு பேட்டுக்கு மட்டும் எதிர்த்திசையில் சுற்றி வைத்திருப்பான். நொட்டாங்கைக்காரி பிடித்தால் அந்தச் சுற்றுதான் பிரியாமல் இருக்கும். யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவளாகவும் கேட்கவில்லை. மால்சுனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர்களுடைய கல்யாணப் பேச்சின் போதும் இதே மாதிரி ஒரு மேசை, இதே மாதிரி ஒரு சாப்பாடு. மால்சுன் எத்தனையோ எச்சரிக்கையாக, சோத்துக்கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுத்தட்டில் ஒரே ஒரு விலாக்கறித் துண்டு மிஞ்சியது. எல்லாரும் நாகரிகமாக வேறெங்கோ பார்த்தார்கள். அவ்வளவுதான், எட்டு வருஷத்துப் பழக்கம் யாரைக் கேட்கும்? நொட்டாங்கை பாய்ந்தது, துண்டு வாய்க்குள் போனது, அதற்கும் முன்னாலேயே “என்னோடது!” என்ற கூச்சல் உணவகமெங்கும் கேட்டது.

வருங்கால மாமியாரின் முகம் செத்துவிட்டது. அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். மால்சுன் மென்றதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பேசாத சோங்காப் கையைத் தூக்கினான். “அக்கா, இங்க இன்னொரு தட்டு கொண்டு வாங்க!” என்று பரிமாறுகிறவளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். பிறகு தன் அம்மாவிடம், “பசிச்சிருக்கும்மா அவளுக்கு” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு தட்டை நம்பித்தான் மால்சுன் கழுத்தை நீட்டினாள், நம்பினது வீண்போகவில்லை.

மால்சுன் முழங்கால் தேய்ந்து ஆட்டத்தை விட்டபிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக மிரியாங்கில் பன்றிக்கறி சூப்புக் கடை போட்டார்கள். விடிகாலையில் ஊர்ச் சங்கத்துக்கு மால்சுன் ஷட்டில் சொல்லிக்கொடுத்தாள், இன்றும் சொல்லிக்கொடுக்கிறாள். பக்கத்துக்கடை அம்மாக்கள் நடுப்பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் வெளியிலிருந்து கத்துவாள்: “என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து அதுக்குச் சாமி கும்பிடறீங்களா? எடுங்கம்மா!” கடையில் அவள் மேசையில் எந்தத் தட்டிலும் எதுவும் மிஞ்சாது. போரா அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள், வெட்கப்பட்டுக்கொண்டே வளர்ந்தவள்.

நாஜூவில் ஓர் உணவகத்தில் தனியறை எடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா தொக்சிம். இந்தப் பக்கம் மால்சுன், நடுவில் போரா, அந்த ஓரத்தில் யாங்ஹீ. நடுவில் நீண்ட மேசை. மால்சுன் அதைப் பார்த்ததும், வலை மட்டும்தான் குறை என்று நினைத்துக்கொண்டாள். இடக்கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

மீனும் கறியும் கீரையுமாகத் தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. நடுநாயகமாக வந்தது புளிக்கவைத்த திருக்கை மீன். மூடியைத் திறந்ததும் மூக்கு அடைத்தது, கண் எரிந்தது. நாஜூக்காரர்களுக்கு அது இல்லாமல் விருந்தே கிடையாது.

“எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “இது நம்ம ஊர்ப் பெருமை.”

“எங்க பூசான்ல மீன் இப்படி நாறினா கடல்லயே திருப்பிப் போட்டுடுவோம்” என்றாள் யாங்ஹீ.

“நாறினாத்தாம்மா அது திருக்கை! நாறலைன்னா வெறும் மீன்.”

எல்லாரும் சிரித்தார்கள். யாங்ஹீ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டை விழுங்கிவிட்டு, கோணல் விரலோடு கையை உயர்த்தி, “உயிரோட இருக்கேன்” என்று அறிவித்தாள். போரா வேண்டாமென்று முள்ளங்கியோடு நிறுத்திக்கொண்டாள். மால்சுன் சோத்துக்கையால் பயறு முளையை எடுத்தாள், அது மடியில் விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. தொக்சிம் அதைக் கவனித்தாள், ஆனால் கவனிக்காதது மாதிரி தேநீரை ஊற்றினாள். மால்சுனுக்கு அந்த அம்மாளைப் பிடித்திருந்தது, அதுதான் வேடிக்கை. நேராகப் பார்க்கிற கண், அளந்து பேசுகிற வாய். கோர்ட்டில் எதிரே நிற்க ஏற்ற ஆள்.

பேரி விளைச்சல், மிரியாங் வெயில், பள்ளிக்கூடத்து இடமாற்றம் என்று பேச்சு சுற்றி வந்தது. திருக்கைத் தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. இரண்டு வீட்டாரும் அதை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தார்கள். அப்போதுதான் தொக்சிம் குச்சியைக் கீழே வைத்தாள்.

“ஒரு விஷயம். கல்யாணத்துக்கு அப்புறம் போரா அந்த ஆம்புலன்ஸ் வேலைய விட்டுட்டு இங்க வந்துடுவா, இல்லையா? நாம எல்லாரும் மனசுல முடிவு பண்ணின மாதிரிதானே?”

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. கேள்வியை அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில், மேசை மேல், மெதுவாக வைத்தாள். பேஷ், நல்ல கை இந்த அம்மாவுக்கு என்று மால்சுன் உள்ளுக்குள் மெச்சினாள். 

யாங்ஹீ அவளைப் பார்த்தாள். உன் பெண், உன் பந்து, எடு என்று அந்தப் பார்வை சொன்னது. மால்சுனின் நாக்கு நுனியில் பதில் இருந்தது. தொடைக்கடியில் இடக்கை துடித்தது. ஆனால் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறாளே! தண்ணீர்க் கோப்பையை எடுத்து ஒரு மடக்கு குடித்தாள். பந்து இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வயதில், இத்தனை ஆடியபிறகு, மறுபடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதைவிட அந்த நூற்கும் பிரிவுக்கே போயிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

நடுவிலிருந்து ஒரு குச்சி நீண்டது. திருக்கையின் கடைசித் துண்டைக் கவ்வியது.

“என்னோடது” என்றாள் போரா.

கத்தவில்லை. ஆனால் அறையில் எல்லாருக்கும் கேட்டது. துண்டை முழுசாக வாயில் போட்டு மென்றாள். நெடி மண்டைக்கு ஏறி, கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

“அத்தை, கேள்வி எனக்குத்தானே? நானே சொல்லிடறேன். நான் வேலைய விடமாட்டேன். இவர் எனக்கு வேணும், உங்க வீடும் எனக்கு வேணும். உங்க தோட்டத்துல யாராவது ஏணியிலேர்ந்து விழுந்தாலும், ஓடி வர்றது என்னை மாதிரி ஒருத்திதான். அந்த ஒருத்தியா இருக்கத்தான் நான் படிச்சேன். கோச்சுக்காதீங்க.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இது அழுகை இல்ல, உங்க ஊர் மீன்” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.  மாப்பிள்ளையின் அப்பா கூரையைப் பார்த்தார்.

மால்சுன் இன்கியூவைப் பார்த்தாள், வேறு யாரையும் பார்க்கவில்லை. இந்தப் பையன் இப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்தானானால், பெண்ணைக் கையோடு அழைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். சத்தியமாவது ஒன்றாவது! போரா அழுவாள். அழட்டும். காலமெல்லாம் அழுவதைவிட மிரியாங் போகிற வழியெல்லாம் அழுவது மேல்.

இன்கியூ அம்மாவைப் பார்த்தான். போராவைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது. பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினான்.

“அக்கா! இங்க திருக்கை இன்னொரு தட்டு!”

 முப்பது வருஷத்துக்கு முந்திய சோங்காப்பின் குரல் அந்தக் கதவு வழியாக வந்து மால்சுனைத் தொட்டுவிட்டுப் போனது. யாங்ஹீயின் கோணல் விரல் போராவின் முதுகுக்குப் பின்னால் வந்து மால்சுனின் தோளை அழுத்தியது.

“அம்மா, நான் ஏற்கெனவே அவ ஊர்ப் பக்கம் மாத்தல் கேட்டுட்டேன்” என்றான் பையன், வேகமாக, தைரியம் போய்விடுவதற்குள். “உன்கிட்ட சொல்லப் பயந்துகிட்டு இருந்தேன். அறுவடைக்கு ரெண்டு பேரும் வந்து நிப்போம்.”

தொக்சிம் மகனைப் பார்த்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணை இன்னும் அதிக நேரம் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்து மேசைக்கு மேலாக நீட்டினாள்.

“மூக்கத் துடைம்மா முதல்ல” என்றாள். “நான் கேட்டதுக்கு நேரா பதில் சொன்ன முதல் ஆள் நீதான். இந்த ரெண்டு ஆம்பளைங்களும் இத்தனை வருஷமா கூரையத்தான் பார்த்துக்கிட்டு இருக்காங்க.” எதிரே மால்சுனின் மடியில் சிதறிக் கிடந்த முளையை ஒரு பார்வை பார்த்தாள். “சம்பந்தி, நீங்களும் அந்தக் கைய வெளிய எடுங்க. வந்ததுலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க.”

புதுத்தட்டு வந்து நடுவில் உட்கார்ந்தது. மால்சுன் குச்சியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.